கோப்பில் எழுதாத பதினெட்டுக் கிலோ

புதுச்சத்திரம் கோழிப் பண்ணையாளர் கூட்டுத் தீவன ஆலையில் முப்பத்தோராண்டுகள் முனைந்து பணியாற்றி, கணினிப் பிரிவின் தலைவியாய்த் தலைநிமிர்ந்து நின்று, இன்று ஓய்வு பெறும் திருமதி த. சாரதாமணி அவர்களுக்கு, ஆலைப் பணியாளர் அனைவரும் அகம் நெகிழ்ந்து அளிக்கும் மடல்.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்!

மக்காச்சோளத் தூசி மண்டிய மூலையிலும் மனம் சோராத மாதரசியே! செய்ததை எழுதி, எழுதியதைச் செய்து, எழுதாமல் செய்தவர் எவராயினும் ஏனென்று கேட்ட ஏந்தலே! இருபத்து மூன்று கணினிகளையும் ஒற்றைக் கோப்பின் சொல்லுக்கு ஒழுகச் செய்த ஒழுங்கின் ஒளிவிளக்கே! சூரமங்கலத்தில் காலை ஏழு பத்துக்கு டவுன் பஸ் ஏறி, புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் பஸ் மாறி, எட்டரைக்கு ஆலை வாசலில் இறங்கி, எங்கள் கடிகாரங்கள் பொய் சொன்ன நாளிலெல்லாம் அவற்றைத் திருத்திய காலத்தின் காவலரே! வணக்கம்! வணக்கம்! மூன்றாம் முறையும் வணக்கம்!

இப்படியே இன்னும் ஒரு பத்தி போனால், தாங்கள் மேடையிலிருந்து எழுந்து வந்து மைக்கை வாங்கிவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தங்களுக்கு ஆகாது. ஆகையால் அம்மையீர், இனிச் சிறிது நேரம் நாங்கள் அவையோர் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். நடந்ததை நடந்தபடி அவர்களிடம் சொல்கிறோம். தாங்கள் மாலையும் கழுத்துமாய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். குறுக்கே திருத்தம் சொல்ல இன்று மட்டும் அனுமதி இல்லை.

அவையோரே! பண்ணையாளப் பெருமக்களே! லாரி ஓட்டுநர் தோழர்களே! சாரதாமணி அம்மா இந்த ஆலைக்கு வந்தது தட்டச்சராக. தீவன மூட்டைகளின் வாயில் வைத்துத் தைக்கும் அடையாளச் சீட்டுகளை அடித்துக் கொடுப்பதுதான் வேலை. ஆலைக்கு முதல் கணினி வந்தபோது, 'அந்தம்மாவுக்கு அடிக்கத் தெரியும், இதையும் அங்கேயே வையுங்கள்' என்று வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் வைத்ததோடு மறந்துவிட்டார்கள். அம்மா மறக்கவில்லை. கையேட்டை அகராதி வைத்துப் படித்தார். ஆலை வளர்ந்தது, கணினிகளும் பெருகின. எடைமேடையில், ஆய்வகத்தில், வாசலில், கிடங்கில், தீவனம் கலக்கும் கலவைக்கூடத்தில் என்று இருபத்து மூன்று ஆயின.

இருபத்து மூன்றுக்கும் ஒரே எதிரி, தூசி. மக்காச்சோளம் அரைக்கிற இடத்தில் கணினி வைப்பதும், வாய்க்கால் நடுவில் அடுப்பு மூட்டுவதும் ஒன்று. மாதத்துக்கு ஒன்றாவது செத்துவிடும். செத்தால் நகரத்திலிருந்து ஒருவர் வருவார். இரண்டு நாள் அமுக்குவார், எட்டு டீ குடிப்பார், ஓடுகிறது என்பார், போய்விடுவார். என்ன செய்தார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். அடுத்த முறை வரும்போது அவருக்கும் மறந்திருக்கும். இதனால் ஒரு கணினி போல் இன்னொன்று இருக்காது. எடைமேடைக் கணினியில் பிரிண்டர் வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு தடவை அணைத்துப் போட வேண்டும் என்பது அந்நாளைய ஆலையின் வேதவாக்கு. ஏன் என்று கேட்டவர் யாருமில்லை, அம்மாவைத் தவிர.

பதினோராண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், வீட்டில் கிடந்த பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இயங்குதளத்தை அவர் தாமாகவே கற்றார். அதன் வழியே தனி வழி. கல்யாண வீட்டில் சமையற்காரரிடம் 'அடுப்பைப் பற்றவை, உப்பைப் போடு, கிளறு' என்றா சொல்கிறோம்? 'இலையில் இன்னின்ன இருக்க வேண்டும்' என்று பட்டியல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதுபோல, கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவிடுவது. எந்த மென்பொருள், அதில் எந்தப் பதிப்பு, எந்தப் பிரிண்டர், யார் யாருக்கு உள்ளே நுழைய உரிமை, எல்லாம் அதில் இருக்கும். கணினி அதைப் படித்துத் தன்னை அப்படியே ஆக்கிக்கொள்ளும். மாற்றியது சரிவரவில்லையென்றால், அதற்கு முந்தைய நிலையும் அழியாமல் பட்டியலில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு தீபாவளி நெருக்கடியில் அம்மாவின் பிரிவிலுள்ள எங்கள் கதிர்வேல் எதையோ புதுப்பிக்கப் போய், மூட்டைச் சீட்டில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டங்கட்டமாய் விழுந்தபோது, அம்மா வந்து நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுத்தார். மூன்று நிமிடத்தில் எழுத்து திரும்பிவிட்டது. கதிர்வேலுக்குப் போன உயிர் திரும்ப மூன்று நாளானது.

நல்ல வழிதான். ஆனால் கூடவே அம்மாவின் சட்டங்களும் வந்தன. எந்தக் கணினியையும் கையால் திருத்தக் கூடாது, கோப்பில் எழுதித்தான் திருத்த வேண்டும். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், எழுதியவர் பெயரும் எழுதிய காரணமும் தமிழில் இருக்க வேண்டும். 'சும்மா' என்று காரணம் எழுதிய ஒருவர் இன்றும் இந்த அவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கொடுமை, சனிக்கிழமைத் துடைப்பு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, கணினிகளின் பெயர்களைச் சீட்டெழுதி ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார். வந்த பெயருக்குரிய கணினி, நன்றாய் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, அன்று முழுசாய்த் துடைக்கப்படும். ஆலையின் தரவுகள் வேறிடத்தில் பத்திரமாய் இருக்கும். கணினி மட்டும் பச்சைப் பிள்ளையாகிவிடும். அதைக் கோப்பை மட்டும் கொண்டு மறுபடி எழுப்ப வேண்டும். எழுந்து வந்தால் கோப்பு முழுமையானது. ஏதாவது குறைந்தால், யாரோ எதையோ கையால் செய்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அந்த யாரோவின் பாடு திண்டாட்டம்தான். நாங்கள் எல்லோரும் முணுமுணுத்தோம். ஓடுகிற வண்டியை நிறுத்தி எஞ்சினைப் பிரிக்கிற பைத்தியம் எங்காவது உண்டா என்று கேட்டோம். அம்மா டப்பாவைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

அந்த டப்பாவில் ஒரு பெயர் மட்டும் என்றுமே விழவில்லை. கலவைக்கூடத்துக் கணினி. கோழிக்குச் சனியும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. கலவை நின்றால் இரண்டாம் நாள் பண்ணைகளில் தீவனத் தொட்டி காலியாகும். அதனால் அதை மட்டும் விட்டுவைத்திருந்தார். இதை அவையோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை அங்கேதான் இருக்கிறது.

சென்ற பிப்ரவரியில் ஆலைத் தலைவர் தங்கசாமி அவர்கள், அதோ முன்வரிசையில் இருக்கிறார், அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். எழுபதாயிரம் கோழி வளர்ப்பவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“அம்மா, நீங்க இருக்கற வரைக்கும் ஒரு கவலையுமில்லீங்க. நீங்க போனப்பொறவு நான் யாரப் போயி கேக்கறது? வெளிய ஒரு கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர் வேலைய மொத்தமா எடுத்துக்கறேங்கறான். உட்றலாம்னு நிர்வாகக் குழுவுல பேச்சு.”

“அப்ப கதிர்வேலும் குஞ்சம்மாளுமுங்க?”

“அவிங்க ஆளையே வெச்சுக்குவாங்களாமா.”

கதிர்வேலுக்கு நாற்பத்தாறு வயது. எடைமேடையில் லாரி நிறுத்தக் கைகாட்டிக்கொண்டிருந்தவர், கோப்பெழுதக் கற்றவர். குஞ்சம்மாளுக்கு ஐம்பது. பதினாறு வருடமாய்க் கலவைக்கூடத்துத் திரை முன் உட்கார்ந்திருப்பவர். இருவருக்கும் இந்த வயதில் வேறு வாசல் கிடையாது. தாம் போனால் கூடவே அந்த இரண்டு பேர் பிழைப்பும் போகும் என்பது அன்றைக்குத்தான் அம்மாவுக்கு உறைத்தது. இத்தனை வருடம் கோப்பு, கோப்பு என்று கத்தியதெல்லாம் தலைவர் காதில் 'அந்தம்மாவின் வித்தை' என்று மட்டுமே விழுந்திருக்கிறது. தம் தலையில் ஒன்றும் தங்கக் கூடாது என்பதற்காகத்தானே எழுதி எழுதி வைத்தார்? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்று அழுதுகொண்டே போனதாக எங்களிடம் பின்னால் அவரே சொன்னார். ஆண்டகளூர்கேட் வரைக்கும்தானாம், அதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டதாம்.

மறுநாள் தலைவரிடம் அம்மா ஒரு சோதனை கேட்டார். ஆலையிலேயே முக்கியமான கணினி கலவைக்கூடத்தில் இருப்பது. அதை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் வெறும் புதுக் கணினியை வைப்பது. ஒன்றரை மணி நேரத்துக்குள் குஞ்சம்மாளும் கதிர்வேலும் மட்டும் கோப்பை வைத்து அதை எழுப்ப வேண்டும். அம்மா அந்தப் பக்கமே வரக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. எழுந்தால் பிரிவு இங்கேயே, இவர்கள் கையிலேயே இருக்கும். எழாவிட்டால் கம்பெனிக்காரருக்கு. தலைவர் ஒப்புக்கொண்டார்.

மே மாதத் தொடக்கம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி. தீவனத்தை முன்கூட்டியே கலந்து சேர்த்துவிட்டு மிக்ஸரை நிறுத்தினார்கள். அம்மா எடைமேடை அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். கொண்டுவந்த எலுமிச்சைச் சோறு பிரிக்காமலே கிடந்தது. எடைக்கு வந்த ஓட்டுநர் ஒருவர், “ஏனுங்கம்மா, ஒடம்புக்குச் செரியில்லீங்களா?” என்று கேட்டாராம். அவருக்குப் பதில் சொல்லவும் அம்மா வாய் திறக்கவில்லை. வாய் திறக்கக் கூடாது என்பதை அவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஐந்துக்குக் கலவைக்கூடத்தில் கைதட்டல் கேட்டது. கதிர்வேல் ஓடி வந்தார். “அம்மா, எந்திரிச்சிருச்சுங்க! வாங்க, வந்து பாருங்க!” என்றார். மூச்சு வாங்கியது. அம்மா போனார். திரை பளபளவென்று எழுந்து நின்றது. தொட்டிகள் எல்லாம் படமாய்த் தெரிந்தன. குஞ்சம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. தலைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிரிவு இங்கேயே இருக்கும் என்ற காகிதம் தயாராய் இருந்தது.

அப்போது அம்மாவின் கண் திரையின் கீழ் மூலைக்குப் போனது. கிளிஞ்சல்தூள் எடைத் தொட்டி. காலியாய் நிற்கிற தொட்டி. அதன் மேலே எண் காட்டியது: 18.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது அந்தக் கணத்தில் அவருக்கு முழுசாய் நினைவுக்கு வந்தது. அந்தத் தொட்டியின் அடித்தகடு தேய்ந்துபோய்ப் புதுத் தகடு அடித்தார்கள். தொட்டி பதினெட்டுக் கிலோ கனம் கூடிவிட்டது. கூடிய கனத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், காலித் தொட்டியிலேயே பதினெட்டுக் கிலோ தூள் இருப்பதாய்க் கணினி நினைத்துக்கொள்ளும். வெளியே பதினொரு லாரி வரிசையில் நின்றது. அம்மா கலவை மென்பொருளின் திரையைத் திறந்து, வெற்றெடை என்ற கட்டத்தில் கையாலேயே மாற்றிவிட்டார். மதியம் கோப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மதியம் எடைமேடைக் கணினி செத்தது. அப்புறம் அந்த மதியம் வரவேயில்லை. மென்பொருள் தன் சொந்த மூலையில் அதைப் பத்திரமாய் வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் ஒழுங்காய் ஓடியது. துடைத்தால் தெரிந்திருக்கும். துடைக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

அவையோரே, அந்த அறையில் அத்தனை பேர் இருந்தோம். ஒருவருக்கும் தெரியாது. பத்து விநாடி போதும், யாரும் பார்க்காதபோது அந்தக் கட்டத்தில் மறுபடி ஓர் எண்ணைப் போட்டுவிடலாம். இரண்டு குடும்பத்துக்குச் சோறு நிலைக்கும். முப்பத்தோரு வருடப் பேரும் நிலைக்கும். தம் கை சுட்டு விரலை நீட்டத் துடித்தது என்று அம்மாவே எங்களிடம் ஒப்புக்கொண்டார். அந்தக் கையைக் குஞ்சம்மாள் பிடித்துக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று என்றும் சொன்னார்.

“தலைவருங்க, கையெழுத்துப் போடாதீங்க” என்றார் அம்மா. காலித் தொட்டி பதினெட்டு காட்டுவதைச் சுட்டிக்காட்டி, எதனால் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். “இப்படியே ஓட்டுனா ஒவ்வொரு கலவைக்கும் பதினெட்டுக் கிலோ கிளிஞ்சத்தூள் கொறையுமுங்க. தப்பு இவிங்களுது இல்லீங்க. என்னுது.”

முட்டை ஓட்டுக்குக் கிளிஞ்சல் எவ்வளவு முக்கியம் என்று எழுபதாயிரம் கோழிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேனாவை மூடினார்.

“பத்து நாள்ல ஓடு காயிதமாப் போயிருக்குமுங்களே. லாரி ஏறுன முட்ட எறங்கியிருக்காது.” பிறகு கேட்டார்: “இந்த மாதிரி உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது இன்னும் எத்தனைங்க இருக்குது?”

“தெரியாதுங்க” என்றார் அம்மா. “தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேனுங்க.”

அன்று மாலை கேண்டீனில் குஞ்சம்மாள் வெடித்தார். பதினாறு வருடத்தில் அவர் அம்மாவை எதிர்த்துப் பேசியது அன்றுதான். “கம்முனு இருந்திருக்கலாமல்லங்க! பொறவு நைசா எழுதிக்க மாட்டமுங்களா? எங்க ரெண்டு பேரு பொழப்பையும் ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்களே!”

அம்மா டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: “குஞ்சம்மா, இன்னிக்கு நான் மறச்சிருந்தா, நாள பின்ன இந்த மாதிரி இன்னொண்ணு வெடிக்கும். அப்ப நான் ஊட்டுல இருப்பேன். எல்லாரும் உன்னத்தான் கேப்பாங்க. என் தப்ப உன் தலையில வெச்சுட்டு நான் எப்படி ஊட்டுல நிம்மதியா உக்காந்திருக்கறது?”

குஞ்சம்மாள் எழுந்துபோய்க் கோப்பைத் திறந்தார். கிளிஞ்சல் தொட்டியின் வெற்றெடையை எழுதினார். பக்கத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. “உங்க பேரு வேண்டாமுங்க, தகடு மாத்துனதுன்னு மட்டும் போட்டுக்கறனுங்க” என்றார் கதிர்வேல். அம்மா விடவில்லை. இன்றும் கோப்பில் அந்த வரி இருக்கிறது: 'புதுத் தகட்டால் கூடிய எடை. சாரதாமணி கையால் போட்டுவிட்டு எழுத மறந்தது. எழுதியவர் குஞ்சம்மாள்.'

மறுநாள் காலை அம்மா தலைவர் வீட்டுக்கே போனார். “எனக்கு அஞ்சு நாள் லீவு குடுங்க. நான் இல்லாதப்ப இவிங்க ரெண்டு பேரும் இருபத்து மூணையும் ஒண்ணொண்ணாத் துடைச்சு எழுப்பட்டும். ஒளிஞ்சிருக்கறதெல்லாம் வெளிய வந்துருமுங்க. நடுவுல வழி தெரியாம எனக்கு ஒரே ஒரு போன் வந்தாலும், நீங்க கம்பெனிக்காரருக்கே குடுத்துருங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டனுங்க” என்றார். தலைவர் மோர் கொடுத்தார், லீவும் கொடுத்தார்.

திங்கட்கிழமை, சூரமங்கலத்தில். அம்மாவின் கணவர் திரு. தண்டாயுதபாணி அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். அவர் பொய் சொல்லக்கூடியவர் அல்லர், கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர். ஏழு பத்துக்கு அம்மா கைப்பையோடு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாராம். போனை மேசையில் வைத்து எதிரே உட்கார்ந்தாராம். செவ்வாயன்று சமையலறை டப்பாக்கள் அத்தனையும் இறக்கித் துடைத்து, எதில் எது இருக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினாராம். “ஏன் சாரதா, நான் மிளகாய்த்தூள் எடுத்தா பேரும் காரணமும் எழுதணுமா?” என்று அவர் கேட்க, அம்மா சிரிக்கவில்லையாம். அதிலிருந்தே நிலைமை முற்றிவிட்டது தெரிந்ததாம்.

புதன்கிழமை பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. திரையில் கதிர்வேல் பெயர். அம்மா எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். தண்டாயுதபாணி ஐயாதான், “எடும்மா, எதுவா இருந்தாலும் கேட்டுத்தானே ஆகணும்” என்றார்.

“சொல்லுங்க கதிர்வேல்” என்றார் அம்மா.

“அம்மா, வணக்கமுங்க. முப்பத்தொண்ணாந் தேதி விழாவுக்கு உங்க ஊட்டுலிருந்து எத்தன பேரு வாரீங்க? சமையக்காரருக்குச் சொல்லோணுமுங்க.”

அம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. “வேற?” என்றார்.

“வேறெதுமில்லீங்களே. ஏனுங்கம்மா?”

“கம்ப்யூட்டரு?”

“அது பாட்டுக்கு நடக்குதுங்க. பதினாலு முடிஞ்சுதுங்க. எத்தன பேருன்னு சொல்லுங்க, அவுரு லைன்ல இருக்கறாரு.”

பதினெட்டுப் பேர் என்று வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார் அம்மா. முதலில் சிரித்தாராம். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதாராம். சந்தோஷமா, வருத்தமா என்று கேட்டதற்கு, “ரெண்டும்தாங்க” என்றாராம். இரவு சாப்பாட்டின்போது, “அவங்க ஒரு தடவையாவது தடுமாறுவாங்கன்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு, அப்படி நினைத்ததற்காகத் தம்மையே திட்டிக்கொண்டாராம்.

தடுமாறாமல் இல்லை, அம்மா. அவையோர் பக்கம் திரும்பியிருந்தாலும் இதைத் தங்கள் காதுக்கும் சொல்கிறோம். வாசல் கணினியில் சீட்டின் அளவு தவறி விழுந்தது. ஆறு மாதத்துக்கு முன் கையால் மாற்றியவர் கதிர்வேல், அதன்பின் டப்பாவில் அதன் சீட்டு வரவில்லை. ஆய்வகத்துக் கணினி ஈரம் அளக்கும் கருவியைக் கண்டுகொள்ளவில்லை. அதில் குற்றவாளி யாரென்று யாருக்குமே நினைவில்லை. ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆனது, இன்னொன்றுக்கு ஒரு பகல் முழுதும் போனது. கோப்பைப் படித்தார்கள், கருவியோடு வந்த கையேட்டைத் தேடிப் படித்தார்கள், இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள், எழுதினார்கள், மறுபடி துடைத்தார்கள், எழுப்பினார்கள். போனைத் தொடலாமா என்று கதிர்வேல் ஒரு முறை கேட்டது உண்மை. குஞ்சம்மாள் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இருபத்து மூன்றாவதும் எழுந்தது. தலைவர் தாமே வந்து கிளிஞ்சல் தொட்டியைத் தட்டிப் பார்த்துத் திரையைப் பார்த்தார். சுழியம் காட்டியது.

“கம்பெனிக்காரன வேண்டாம்னு சொல்லிப்போடுங்க” என்றார். “சோதனையில ஜெயிச்சதுக்கு இல்ல. ஜெயிச்ச காயிதத்துல கையெழுத்துப் போடாதீங்கன்னு அந்தம்மா சொன்னாங்க பாருங்க, அதுக்கு.”

இதுவே நடந்தது. இனி, அம்மையீர், தங்கள் பக்கம் திரும்புகிறோம்.

கண்டிப்பின் கனிவே! தவறைப் பிறரிடம் தேடிய அதே கண்ணால் தம்மிடமும் தேடிய தகைமையே! தங்களிடம் நாங்கள் பெற்ற ஏச்சுகளை ஏட்டில் எழுதினால் ஏழு மடல் ஆகும். பெற்ற பாராட்டுகளை எழுத ஒரு வரியின் பாதி போதும். விசைப்பலகைக்கு அருகே டீ வைத்தவர்களைத் தாங்கள் மன்னித்ததே இல்லை. ஆயினும் எங்களில் ஒருவர் செய்த தவறுக்காக இன்னொருவரைத் தாங்கள் ஏசிய நாள் ஒன்றுகூட இல்லை. பெயரும் காரணமும் எழுதச் சொன்னது எங்களைப் பிடிக்க என்று நினைத்திருந்தோம். எங்களைக் காக்க என்பது இந்த மே மாதத்தில்தான் எங்களுக்கு விளங்கியது. தாமதமாய் விளங்கியதற்கு மன்னியுங்கள்.

பல்லாண்டு வாழ்க! பாங்குடன் வாழ்க! மூட்டு வலி முற்றும் நீங்கி, தூசியில்லாக் காற்றைத் துய்த்து, தண்டாயுதபாணி ஐயா மிளகாய்த்தூள் டப்பாவை மாற்றி வைத்தாலும் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மை பெற்று, நூறாண்டு நோயின்றி வாழ்க!

ஓய்வு பெறுவோரிடம் எல்லா ஆலையிலும் ஒரு பொய் சொல்வார்கள். அதைத் தங்களிடம் சொல்லத் துணிவு எங்களுக்கு இல்லை. உண்மையையே சொல்லிவிடுகிறோம், கலங்காமல் கேளுங்கள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, அம்மா, தாங்கள் இல்லாமலே இந்த ஆலை ஓடும். நன்றாகவே ஓடும். எங்களுக்குத் தாங்கள் செய்துவைத்த பேருதவி அது.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத
ஆலைப் பணியாளர்கள் அனைவரும்

புதுச்சத்திரம்,
மே 31, 2025.

(எழுதியவர்: ஆய்வகம் ஜானகியம்மாள். காரணம்: எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் எழுத வேண்டும் போலிருந்தது.)